மடிக்கணினி விசைப்பலகை: தொடு உணர்வும் விசைகளின் இடமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் செயலியைப் பற்றியும் நினைவகத்தைப் பற்றியும் தாமே படித்துத் தெரிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். விசைப்பலகை என்று வந்தால் மட்டும் "எல்லாம் ஒன்றுதானே" என்கிறார்கள். வாங்கிய ஒரு மாதத்தில் அவர்களே எண்டர் கைக்கு அகப்படவில்லை, ஸ்பேஸ் சரியாக விழவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நாள் முழுதும் விரல் படுகிற பாகம் அது. வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ள முடியாத பாகமும் பெரும்பாலும் அதுவே. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஐயங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் அதே குவெர்ட்டி வரிசைதானே இருக்கிறது? பிறகு எதைப் பார்த்து வாங்குவது?

எழுத்துகளின் வரிசை ஒன்றுதான். 1870களில் தட்டச்சுப் பொறிக்காக அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஷோல்ஸ் வகுத்தது, சிறு மாற்றங்களோடு இன்றும் தொடர்கிறது. மாறுவது எழுத்துகளைச் சுற்றியுள்ள பகுதி. எண்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் ஆகியவற்றின் அகலம், அம்புக்குறி விசைகளின் உருவம், ஹோம், எண்டு, டெலீட் இருக்கும் இடம், இடது மூலையில் இருப்பது கண்ட்ரோலா எஃப்.என்.னா (Fn, மற்ற விசைகளின் இரண்டாவது வேலையை இயக்குவது) என்பது எல்லாம் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

ஆகவே இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று தொடு உணர்வு, மற்றது விசைகளின் இடம். பலரும் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள். நான் இரண்டாவதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். சற்று அழுத்தமான விசையோ மெல்லிய விசையோ, ஓரிரு வாரங்களில் விரல் பழகிவிடும். இடம் மாறிய விசை அப்படியல்ல. வீட்டில் ஒரு கணினி, அலுவலகத்தில் வேறொன்று என்று மாறி மாறித் தட்டுகிறவருக்கு அந்தப் பழக்கம் ஒருநாளும் உறுதிப்படாது.

விவரப் பட்டியலில் "கீ டிராவல் 1.5 மி.மீ." என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன கணக்கு?

விசை மேலிருந்து அடிவரை இறங்கும் தூரம். மேசைக் கணினிக்கான மெக்கானிக்கல் விசைப்பலகைகளில் (ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி சுவிட்சு உள்ளவை) இது ஏறத்தாழ 4 மி.மீ. இருக்கும். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் 1 முதல் 1.8 மி.மீ. வரை. கணினி மெலிய மெலிய இந்தத் தூரமும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

அப்படியானால் டிராவல் கூடுதலாக இருப்பதுதான் நல்ல விசைப்பலகை, சரியா?

சரியில்லை. பட்டியலில் இருப்பது அந்த ஒரு எண் மட்டும்தான் என்பதால் அதற்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கிடைத்துவிட்டது. விசைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் பிணைந்த இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள் விசையைச் சாயாமல் தாங்குகின்றன. நடுவில் கவிழ்த்த கிண்ணம் போன்ற சிறிய ரப்பர் குமிழ். விரல் அழுத்தும்போது குமிழ் முதலில் எதிர்த்து நிற்கும். ஒரு கட்டத்தில் சட்டென்று மடங்கும். மடங்கிய குமிழ் அடியிலுள்ள மெல்லிய படலத்தை அழுத்தியதும் எழுத்துப் பதிவாகும்.

அந்த எதிர்ப்பு எவ்வளவு, மடங்குவது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, மடங்கிய பின் விசை எவ்வளவு விரைவாக மேலே எழுகிறது என்பவைதான் தொடு உணர்வு. ஒரு விசையை அமிழ்த்தத் தேவையான அழுத்தம் பொதுவாக 50 முதல் 70 கிராம் எடைக்குச் சமம். குமிழ் தெளிவாக மடங்கினால் 1.2 மி.மீ. தூரமே போதுமானதாக இருக்கும். எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்கே தெரிந்துவிடும். குமிழ் தளர்வாக இருந்தால் 1.8 மி.மீ. இறங்கினாலும் சேற்றில் கால் வைத்த மாதிரி இருக்கும், விழுந்ததா இல்லையா என்று திரையைப் பார்க்க வேண்டிவரும். இதற்கெல்லாம் பட்டியலில் எண் கிடையாது. தட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வேகமாகத் தட்டினால் விசைப்பலகை முழுவதுமே உள்ளே அமுங்குகிறது. இது கோளாறா?

கோளாறு அல்ல, கட்டுமானத்தில் செய்த சிக்கனம். விசைகள் ஒரு மெல்லிய உலோகத் தகட்டின்மேல் அமர்ந்திருக்கின்றன. அந்தத் தகடு உடற்பகுதியோடு எத்தனை இடங்களில் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது இறுக்கமாகவோ தொய்வாகவோ இருக்கும். ஓரங்களில் மட்டும் பிடித்து நடுவில் விட்டுவிட்டால், ஜி, எச் எழுத்துகளின் பக்கம் அமுங்கும்.

அமுக்கம் லேசாக இருந்தால் கவலை வேண்டாம். எழுத்துக்கு எழுத்து தெரிகிற அளவுக்கு இருந்தால், மேலே சொன்ன குமிழின் தெளிவை அது விழுங்கிவிடும். நல்ல குமிழ் இருந்தும் மந்தமாகத் தோன்றும் பல விசைப்பலகைகளில் இந்தத் தொய்வுதான் காரணம்.

விசைகள் சின்னதாகத் தெரிகின்றன. என் விரலோ தடிமன். தட்ட முடியுமா?

விசையின் அளவைப் பார்க்காதீர்கள். ஒரு விசையின் நடுவிலிருந்து பக்கத்து விசையின் நடுவரை உள்ள தூரத்தைப் பாருங்கள். முழு அளவுப் பலகையில் அது சுமார் 19 மி.மீ. அந்த அளவு இருந்தால் விசை சிறிதாகத் தெரிந்தாலும் விரல் தடுமாறாது. விசைகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடம்தான் அதைச் சிறிதாகக் காட்டுகிறது. மிகச் சிறிய கணினிகளில் இந்தத் தூரமே குறையும். அங்கேதான் தடித்த விரல்காரர்களுக்குத் தொல்லை. கையில் அளவுகோல் இருந்தால் கியூவின் (Q) இடது ஓரத்திலிருந்து அதே வரிசையிலுள்ள பி (P) எழுத்தின் இடது ஓரம்வரை அளந்து 9ஆல் வகுத்துப் பாருங்கள்.

விசையின் மேற்பரப்பும் முக்கியம். நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் விரல் தானாக மையத்துக்கு வந்து சேரும். முற்றிலும் தட்டையான விசையில் விரல் ஓரத்துக்கு நழுவியதே தெரியாது.

ஆப்பிளின் பட்டாம்பூச்சி விசைப்பலகை ஏன் அத்தனை பேரிடம் கெட்ட பெயர் வாங்கியது?

2015இல் 12 அங்குல மேக்புக்கில் அது வந்தது. கத்தரிக்கோல் அமைப்புக்குப் பதிலாகப் பட்டாம்பூச்சிச் சிறகு போல விரியும் சட்டம். விசை துளியும் ஆடாது, கணினியையும் மிக மெலிதாகச் செய்ய முடிந்தது. ஆனால் இறங்கும் தூரம் மிகக் குறைவு என்பதால் ஒரு சிறு துகள் அடியில் சிக்கினாலே விசை மாட்டிக்கொள்ளும், அல்லது ஒரு தட்டலுக்கு எழுத்து இரண்டு முறை விழும். 2018இல் ஆப்பிள் இதற்கென இலவசப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2019 இறுதியில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் கத்தரிக்கோல் அமைப்பு 1 மி.மீ. டிராவலோடு திரும்பிவந்தது, 2020இல் மற்ற மேக்புக்குகளும் மாறின.

பழைய மேக்புக்கைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் 2019 வரை உள்ள மாடலானால், வாங்குமுன் ஒவ்வொரு விசையையும் பலமுறை தட்டிப் பாருங்கள்.

ஒரு கணினியில் எண்டர் படுத்திருக்கிறது, இன்னொன்றில் நிமிர்ந்து நிற்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான், இரண்டு வெவ்வேறு தரங்கள். அமெரிக்கத் தரமான ஆன்சியில் எண்டர் ஒரே வரிசையில் அகலமாகப் படுத்திருக்கும், இடது ஷிஃப்ட் நீளமாக இருக்கும். ஐரோப்பாவில் பரவலாக உள்ள ஐ.எஸ்.ஓ. அமைப்பில் எண்டர் இரண்டு வரிசை உயரத்துக்கு நிற்கும். இடது ஷிஃப்ட் குறுகி, அதற்கும் இசட்டுக்கும் நடுவில் ஒரு விசை கூடுதலாக இருக்கும். முழு அளவுப் பலகையில் முதலாவதற்கு 104 விசைகள், இரண்டாவதற்கு 105.

ஆன்சிக்குப் பழகியவர் ஐ.எஸ்.ஓ.வுக்கு வந்தால் வலது சுண்டுவிரல் எண்டருக்கு எட்டாமல் பக்கத்து விசையைத் தட்டும்; இடது சுண்டுவிரல் ஷிஃப்ட் என்று நினைத்துக் கூடுதல் விசையைத் தட்டும். இதை மென்பொருளால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் விசையின் உருவமே வேறு. வேறு நாட்டிலிருந்து வந்த கைமாற்றுக் கணினி மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் எண்டரைப் பாருங்கள்.

அம்புக்குறி விசைகள் எப்படி இருந்தாலும் என்ன? எப்போதாவதுதானே தொடுகிறோம்?

கட்டுரையோ நிரலோ எழுதுகிறவர் நாளெல்லாம் தொடுவார். மேலே ஒன்று, கீழே மூன்று என்ற தலைகீழ் டி அமைப்பை 1982இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் எல்.கே.201 விசைப்பலகை பரவலாக்கியது. அதன் பலம் அந்த வெற்றிடம்தான். மேல் அம்புக்குறியின் இருபுறமும் ஒன்றும் இல்லாததால், பார்க்காமலேயே விரல் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது.

மடிக்கணினியில் இடத்தை மிச்சப்படுத்த, இடதும் வலதும் முழு உயரமாகவும் மேலும் கீழும் பாதி உயரமாகவும் செய்கிறார்கள். வெற்றிடம் போய்விடுகிறது. கை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். சிலவற்றில் அந்த வெற்றிடத்தில் பேஜ் அப், பேஜ் டவுன் இரண்டையும் திணித்திருப்பார்கள். ஒரு வரி மேலே போக நினைத்தால் ஒரு பக்கம் தாவிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது, வலது ஷிஃப்டைக் குறுக்கி அதன் வரிசையிலேயே மேல் அம்புக்குறியை நுழைப்பது. பெரிய எழுத்துக்காக ஷிஃப்டைத் தட்டப்போனால் சுட்டி மேல் வரிக்குப் போய், எழுத்து அங்கே விழும். அப்படிப்பட்ட கணினியை, எழுதுவதே தொழிலாக உள்ள எவருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

எண்கள் தனியாக வலது பக்கம் இருக்கும் பெரிய பலகை வாங்கினால் வசதிதானே?

கணக்கு எழுதுகிறவருக்கு வசதி, மறுப்பதற்கில்லை. மற்றவர்களுக்கு அதன் விலை அதிகம். எண் பகுதிக்கு இடம் கொடுக்க எழுத்துப் பகுதி முழுவதும் இடப்பக்கம் தள்ளப்படுகிறது. கைகள் இடப்பக்கம், திரையின் நடுவோ வலப்பக்கம். உடம்பு லேசாகத் திரும்பியே இருக்கும். போதாக்குறைக்கு எண் விசைகளைக் குறுக்கியிருப்பார்கள். பல நேரம் வலது அம்புக்குறி சுழியத்தின் எல்லைக்குள் புகுந்திருக்கும். எண் வேலை எப்போதாவதுதான் என்றால், தனியாக ஒரு எண் பலகையை வாங்கி இணைத்துக்கொள்வது மேல்.

இடது மூலையில் கண்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என். இருக்கிறது. பழகுமா?

லெனோவோவின் திங்க்பேட் கணினிகளில் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. நகலெடுக்கப் போனால் கண்ட்ரோலுக்குப் பதில் எஃப்.என். அமுங்கி ஒன்றும் நடக்காது. இரண்டையும் இடம் மாற்ற பயாஸ் அமைப்பில் (இயங்குதளம் தொடங்குமுன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) வழி இருக்கிறது. மாற்றிய பிறகு விசையில் அச்சிட்ட பெயர் மட்டும் பொருந்தாது. 2024 முதல் வந்த புதிய திங்க்பேட்களில் லெனோவோவே கண்ட்ரோலை மூலைக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது.

மேக்கிலும் மூலையில் எஃப்.என்.தான். அங்கே அது தொல்லையாகத் தெரியாததற்குக் காரணம், நகலெடுப்பது, ஒட்டுவது எல்லாம் ஸ்பேஸுக்குப் பக்கத்தில் உள்ள கமாண்ட் விசையால் நடக்கின்றன. அதைக் கட்டைவிரல் தட்டுகிறது. சுண்டுவிரலை மடக்கி மூலைக்கு நீட்டுவதைவிட அது கைக்கு மிகவும் இதமானது.

எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்காமல் வெளிச்சம் மாறுகிறது. என்ன செய்ய?

மேல் வரிசைக்கு இரண்டு வேலைகள். எது முதன்மை என்பதைத் தயாரிப்பாளர் தீர்மானித்திருக்கிறார். பல கணினிகளில் எஃப்.என். விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் நிலை மாறிவிடும். இல்லாவிட்டால் பயாஸில் தேடுங்கள்.

டெலீட்டுக்குப் பக்கத்திலேயே பவர் பொத்தான் இருக்கிறது. தவறிப்போய் அணைந்துவிடாதா?

பெரும்பாலும் அணையாது, உறக்க நிலைக்குப் போகும். பல கணினிகளில் அந்தப் பொத்தானைக் கூடுதல் அழுத்தத்தோடு செய்திருப்பார்கள். இயங்குதள அமைப்பில் "பவர் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் செய்யாதே" என்று வைத்துவிட்டால் கவலை விட்டது.

நான் தமிழ்99 முறையில் தட்டுகிறேன். எனக்கென்று பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

நிச்சயமாக உண்டு, ஆங்கிலத்துக்கு மட்டும் தட்டுகிறவர் கண்டுகொள்ளாத ஒரு விஷயம். தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் உயிர் எழுத்துகள் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் அமைந்திருக்கின்றன. அதனால் வலது ஓரத்தில், ஆங்கிலத்தில் வெறும் குறிகள் இருக்கும் விசைகளில் நமக்கு எழுத்துகள் இருக்கின்றன. சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டில் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, சாய்கோட்டில் ழ. சிறிய மடிக்கணினிகளில் இடம் போதாதபோது தயாரிப்பாளர்கள் முதலில் குறுக்குவது இந்த ஓர விசைகளைத்தான். ஆங்கிலத்துக்கு அது பெரிய இழப்பில்லை. நமக்கோ 'செய்' என்று எழுதப்போனாலே சவும் யவும் அங்கேதான் இருக்கின்றன; விரல் இரண்டு முறை தடுமாறும். இந்த ஐந்து விசைகளும் மற்ற எழுத்துகளின் அதே அகலத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்று எஃப் விசையின்மேல் உள்ள சிறு மேடு. தமிழ்99இல் அந்த விசை புள்ளி. வலது கையின் மேடு, ஜே விசையில், ப. ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல்கள் போதும். 'தங்கம்' எழுதும்போதும் ங், க சேர்க்கைக்குப் புள்ளி தானாக வரும், கடைசி ம் ஒன்றுக்குத்தான் புள்ளியைத் தட்ட வேண்டும். அப்படியிருந்தும் சொல்லின் இறுதியில் புள்ளி ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஆகவே அந்த மேடு விரலுக்குத் தெளிவாகத் தெரிவது நமக்கு மிகவும் அவசியம். சில கணினிகளில் அதை அழகுக்காகத் தேய்த்தாற்போல் செய்திருக்கிறார்கள்.

தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டலாமா? சிலிக்கோன் உறை போடலாமா?

ஸ்டிக்கர் கற்றுக்கொள்ளும் வரை உதவும். தடித்த ஸ்டிக்கர் விசையின் குழிவை நிரப்பிவிடும், முன் பதிலில் சொன்ன மேட்டையும் மூடிவிடும். மெல்லியதாகத் தேர்ந்தெடுத்து, எஃப், ஜே இரண்டிலும் மேட்டைத் தவிர்த்து ஒட்டுங்கள்.

சிலிக்கோன் உறையை நான் விரும்புவதில்லை. நல்ல விசைப்பலகையையும் அது மந்தமாக்கிவிடுகிறது. மெல்லிய கணினிகளில் மூடும்போது உறை திரையை அழுத்தும். விசைகளின் இடைவெளி வழியாகக் காற்று இழுக்கும் கணினியில் சூடும் ஏறும்.

கடையில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. எப்படிச் சோதிப்பது?

நின்றுகொண்டு நான்கு எழுத்தைத் தட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள். உட்கார இடம் கேளுங்கள். வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, நீங்கள் அன்றாடம் எழுதும் விதமான ஒரு பத்தியைத் திரையை மட்டும் பார்த்துத் தட்டுங்கள். எண்ணும் குறியும் பெரிய எழுத்தும் கலந்த உங்கள் மின்னஞ்சல் முகவரி அதில் இருக்கட்டும்.

அடுத்து ஓரங்கள். ஸ்பேஸின் இடது முனையில் ஒரு தட்டல், வலது முனையில் ஒரு தட்டல். இரண்டிலும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். நீளமான விசைகளைச் சமமாக இறக்க அடியில் ஒரு கம்பி இருக்கும். அது சரியாக அமரவில்லை என்றால் ஒரு முனை தாழ்ந்து மறுமுனை உயரும், கடகடவென்ற ஓசையும் வரும். எண்டர், பேக்ஸ்பேஸ், இரண்டு ஷிஃப்ட் ஆகியவற்றின் மூலைகளிலும் இப்படியே. பிறகு ஜி, எச் நடுவே விரலால் ஊன்றித் தொய்வைப் பாருங்கள். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு மேல் அம்புக்குறியையும் டெலீட்டையும் தேடுங்கள். அகப்படாவிட்டால் உங்களுக்கான இடவமைப்பு அது அல்ல.

புதிய கணினியில் தட்டத் தொடங்கியதிலிருந்து விரல் நுனி வலிக்கிறது. விசை கடினமா?

பெரும்பாலும் நீங்கள் ஓங்கித் தட்டுகிறீர்கள். 4 மி.மீ. இறங்கும் பலகைக்குப் பழகிய கை, 1.2 மி.மீ. பலகையிலும் அதே வேகத்தில் இறங்கி உலோகத் தகட்டில் மோதுகிறது. வேண்டுமென்றே மெதுவாக, எழுத்து விழுவதற்குத் தேவையான அளவு மட்டும் அழுத்திப் பழகுங்கள். மணிக்கணக்கில் எழுதுகிறவர் திரையை உயர்த்தி வைத்து வெளி விசைப்பலகை இணைப்பது நல்லது. வலி மணிக்கட்டுக்குப் பரவினாலோ மரத்துப்போனாலோ விசைப்பலகையை ஆராய்ந்துகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று விழவே இல்லை. பழுதா?

பழுதல்ல. ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது; கிடை வரிசையும் நெடு வரிசையுமாகப் பின்னிய வலையில்தான் விசைகள் இருக்கின்றன. சில சேர்க்கைகளில் அழுத்தாத விசையும் அழுத்தியதுபோலத் தோன்றும் என்பதால் மூன்றாவதைக் கட்டுப்பாட்டுச் சில்லு புறக்கணித்துவிடுகிறது. இரண்டு ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு எல்லா எழுத்துகளையும் தட்டிப் பாருங்கள். சில பலகைகளில் ஓரிரு எழுத்துகள் காணாமல் போகும். சாதாரண எழுத்து வேலைக்கு இது தடையில்லை. விளையாட்டுக்கும் பல விசைகள் சேர்ந்த குறுக்குவழிகளுக்கும்தான் இடைஞ்சல்.

மடிக்கணினியிலேயே மெக்கானிக்கல் விசைப்பலகை கிடைக்காதா?

கிடைக்கும், அரிதாக. செர்ரி நிறுவனம் 3.5 மி.மீ. உயரமே உள்ள சுவிட்சு ஒன்றைச் செய்து 2021இல் ஏலியன்வேர் விளையாட்டுக் கணினிகளில் கொண்டுவந்தது, டிராவல் 1.8 மி.மீ. தட்டும் ஒவ்வொரு முறையும் தெளிவான ஓசை எழும். உங்களுக்குப் பிடிக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பிடிக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இடம் பிடிக்காத விசையை நானே மாற்றி அமைக்க முடியுமா? புதிய கோபைலட் விசையையும்?

விசையின் வேலையை மாற்றலாம், உருவத்தை மாற்ற முடியாது. விண்டோஸில் பவர்டாய்ஸ், மேக்கில் காராபைனர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. வீணாகக் கிடக்கும் கேப்ஸ்லாக்கைக் கண்ட்ரோலாக்குவது நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் மாற்றம். சுண்டுவிரல் பெரிதாக நகரவே வேண்டியதில்லை.

எஃப்.என். மட்டும் அடங்காது. பெரும்பாலான கணினிகளில் அதை உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லே கையாள்கிறது. இயங்குதளத்துக்கு அது அழுத்தப்பட்டதே தெரியாது. எனவே பயாஸில் வழி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2024இல் மைக்ரோசாஃப்ட் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறப்பதற்காக அறிமுகப்படுத்திய கோபைலட் விசை, பல கணினிகளில் வலது கண்ட்ரோலின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அது தனி விசையாக அல்லாமல் ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 மூன்றையும் சேர்த்து அனுப்புகிறது. அதனால் பவர்டாய்ஸில் அதைத் தனி விசையாகத் தேடாமல் குறுக்குவழியாகப் பதிந்து மாற்றுங்கள். கண்ட்ரோலாக மாற்றினால் பிடித்துக்கொண்டே வேறு விசையைத் தட்டும்போது சில நேரம் சரியாக வேலை செய்யாது. ஒரு தட்டலில் முடியும் வேலைக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.